ஆக்சிஜனா, பிராணவாயுவா, உயிர்வளியா, ஒட்சிசனா?

தமிழில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் எழுதுகிற எவரும் இரண்டாவது பத்திக்குள் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். மூச்சு, நெருப்பு, துரு, செடி, கடல், ராக்கெட் என்று எதைத் தொட்டாலும் அந்த ஒரு தனிமம் குறுக்கே வந்து நிற்கும். அதற்கு எந்தப் பெயரை எழுதுவது? தமிழ்நாட்டுப் பாடநூலில் அது ஆக்சிஜன். இலங்கைப் பாடநூலில் ஒட்சிசன். பழைய புத்தகங்களிலும் யோகாசன வகுப்புகளிலும் பிராணவாயு. தனித்தமிழில் எழுதுகிறவர்களிடம் உயிர்வளி. ஒரே கட்டுரையில் மூன்றை மாற்றி மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு. அதைப் படிக்கிற 12 வயதுப் பிள்ளை இவை மூன்று வெவ்வேறு பொருள்கள் என்று நினைத்துக்கொண்டால் பிள்ளைமேல் குற்றம் சொல்ல முடியாது.

இந்தத் தேர்வை மொழிப்பற்று ஒரு பக்கம், வசதி மறுபக்கம் என்று வைத்துப் பேசுவதுதான் வழக்கம். அப்படிப் பேசினால் முடிவே வராது. இந்தப் பெயர் எங்கே பிறந்தது, மற்ற மொழிகள் அதை என்ன செய்தன, அந்த முடிவுகள் இருநூறு வருடத்தில் எப்படித் தாக்குப்பிடித்தன என்று பார்த்தால் வழி கொஞ்சம் தெளிவாகிறது.

இந்த வாயுவை முதலில் பிரித்தெடுத்தவர் சுவீடனின் உப்சாலாவில் மருந்துக்கடையில் வேலை பார்த்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. 1770களின் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டார். புத்தகம் வெளிவந்தது 1777இல்தான். அதில் எரிகிற பொருள் இன்னும் பிரகாசமாக எரிந்ததால் 'நெருப்புக் காற்று' என்றார். இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி 1774 ஆகஸ்ட் 1 அன்று ஒரு பெரிய குவிலென்சால் சூரிய ஒளியைச் சிவப்புப் பாதரச ஆக்சைடுமேல் பாய்ச்சி அதே வாயுவை எடுத்தார். அதில் ஒரு சுண்டெலியை அடைத்து வைத்தபோது, சாதாரணக் காற்றில் தாங்குவதைப்போல இரண்டு மடங்கு நேரம் தாங்கியது. எரியும் பொருளில் 'புளோஜிஸ்டன்' என்று ஒன்று இருந்து வெளியேறுகிறது என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். அதனால் அவர் வைத்த பெயர் 'புளோஜிஸ்டன் நீங்கிய காற்று'. அந்தக் கொள்கை போனது, கூடவே பெயரும் போனது.

பாரிஸில் வேதியியலர் லவாய்சியே இதையெல்லாம் வேறு கண்ணால் பார்த்தார். கந்தகத்தை எரித்துத் தண்ணீரில் கரைத்தால் அமிலம். பாஸ்பரஸை எரித்தாலும் அமிலம். கரியை எரித்து வரும் வாயுவும் தண்ணீரில் லேசாகப் புளிக்கிறது. ஆகவே எரியும்போது காற்றிலிருந்து சேருகிற இந்தப் பொருள்தான் எல்லா அமிலத்துக்கும் தாய் என்று முடிவு கட்டினார். கிரேக்கத்தில் 'ஆக்ஸிஸ்' என்றால் கூர்மை, புளிப்பு. 'கெனேஸ்' என்றால் பிறப்பிப்பது. இரண்டையும் சேர்த்து 1777இல் ஒரு வடிவம் கொடுத்தார். 1787இல் மோர்வோ, பெர்த்தொலே, ஃபூர்க்ருவா ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்ட வேதியியல் பெயரிடல் முறையில் அது நிலைபெற்றது. ஆக்சிஜன் என்றால் புளிப்பைப் பிறப்பிப்பது.

அந்த முடிவு தவறு. நம் வயிற்றில் சுரக்கிற ஹைட்ரோகுளோரிக் அமிலமே அதற்குச் சாட்சி. அதன் மூலக்கூறில் ஹைட்ரஜனும் குளோரினும் மட்டுமே இருக்கின்றன. ஆக்சிஜன் ஓர் அணுகூட இல்லை. 1810இல் ஆங்கிலேய வேதியியலர் ஹம்ஃப்ரி டேவி, ஆக்சிஜன் கலந்த கூட்டுப்பொருள் என்று எல்லோரும் நினைத்திருந்த பச்சை வாயு உண்மையில் ஒரு தனிமம் என்று காட்டி அதற்குக் குளோரின் என்று பெயர் வைத்தார். 1838இல் ஜெர்மன் வேதியியலர் லீபிக், அமிலத்துக்கு வேண்டியது ஹைட்ரஜன் என்றார். பெயர் நிலைபெற்று ஏறக்குறைய அரை நூற்றாண்டில் அதன் பொருள் பொய்த்துவிட்டது. ஆனாலும் கிரேக்கம் தெரியாதவர் காதில் அது வெறும் ஓசை. அதனால் யாருக்கும் உறுத்தவில்லை, பெயரும் தப்பித்துக்கொண்டது.

பொருளை மொழிபெயர்த்துக்கொண்ட மொழிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஜெர்மன்காரர்கள் இன்றுவரை 'ஸவர்ஷ்டோஃப்' என்கிறார்கள். புளிப்புப்பொருள் என்று அர்த்தம். ரஷ்ய மொழியில் 'கிஸ்லரோத்', புளிப்பைப் பெற்றெடுப்பது. ஃபின்லாந்தின் 'ஹாப்பி'யும் புளிப்புதான், எபிரேயத்தின் 'ஹம்த்ஸான்' என்ற சொல்லும் புளிப்புதான். ஜப்பானில் உதகாவா யோவான் என்ற மருத்துவ அறிஞர் டச்சு நூல்களைப் பார்த்து 1837 முதல் வெளியிட்ட வேதியியல் நூலில் 'ஸான்சோ' என்று எழுதினார்: புளிப்புக்கு ஒரு எழுத்து, மூலப்பொருளுக்கு ஒரு எழுத்து. கொரியாவிலும் அதே எழுத்துகள்தான் போயின. நம் பக்கத்திலேயே தெலுங்கில் ஆம்லஜனி, கன்னடத்தில் ஆம்லஜனக, வங்காளத்தில் அம்லஜான். எல்லாம் லவாய்சியேவின் அதே பிழையை அவரவர் மொழியில் எழுதி வைத்தவை. ஜெர்மன் மாணவன் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் படிக்கும்போது, 'புளிப்புப்பொருள் இல்லாமலேயே புளிக்கிற' ஒன்றைப் படிக்கிறான். பழக்கத்தில் அது மரத்துப்போகும் என்பது உண்மைதான். ஆனால் புதிதாகச் சொல் தேடுகிற நாம் தெரிந்தே அந்தக் குழியில் இறங்கத் தேவையில்லை. தமிழில் 'அமிலவளி', 'புளியம்' என்று எதையும் உருவாக்க வேண்டாம். இந்த வழியைப் பட்டியலிலிருந்து இப்போதே எடுத்துவிடலாம்.

வேறு வழி பார்த்தவர்களும் இருக்கிறார்கள். டென்மார்க்கில், மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று கண்டுபிடித்த அதே ஓர்ஸ்டெட், தீ என்று பொருள்படும் சொல்லிலிருந்து 'இல்ட்' என்று உருவாக்கினார். போலந்தில், கனன்று எரிவதைக் குறிக்கும் வினையிலிருந்து 'த்லென்' வந்தது. இவை இரண்டும் எனக்குப் பிடித்தவை, ஏனென்றால் ஆக்சிஜனின் குணத்தைச் சரியாகப் பிடித்தவை. ஆக்சிஜன் முதலில் எரிப்பதற்குத் துணைபோகிற பொருள். நம் உடம்புக்குள் நடப்பதும் மெதுவான எரிதல்தான்.

சீனாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 1855இல் பெஞ்சமின் ஹாப்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் சீன மொழியில் எழுதிய அறிவியல் நூலில் இதை 'யாங் சி' என்றார். வளர்க்கிற காற்று, ஊட்டமளிக்கிற காற்று. நம் பிராணவாயு, உயிர்வளி போன்ற அதே யோசனை. அப்புறம் 20ஆம் நூற்றாண்டில் வாயுத் தனிமங்களுக்கு ஒற்றை எழுத்து வேண்டும் என்று வந்தபோது, வாயுவைக் குறிக்கும் குறியின் கீழே 'யாங்' என்ற ஓசைக்காக ஆட்டைக் குறிக்கும் எழுத்தைப் போட்டுவிட்டார்கள். ஊட்டமளிக்கிற என்ற பொருள் கண்ணிலிருந்து மறைந்தது, ஓசை மட்டும் மிஞ்சியது. ஹங்கேரியில் 19ஆம் நூற்றாண்டு மொழிச் சீர்திருத்தக்காரர்கள் 'வாழ்' என்ற வேரிலிருந்து ஒரு சொல் கட்டினார்கள். அதுவும் அவர்களுடைய உயிர்வளிதான். இன்று அங்கே 'ஆக்சிகேன்' என்றே சொல்கிறார்கள். துருக்கியில் உதுமானியர் காலத்து 'முவெல்லிதுல்ஹுமூஸா' போய் 'ஒக்சிஜென்' வந்தது. வங்காளத்திலும் அம்லஜான் பின்னால் போய் அக்சிஜேன் முன்னால் வந்துவிட்டது. 1961இல் அமைந்த இந்திய அரசின் அறிவியல் கலைச்சொல் ஆணையமும் தனிமங்களின், சேர்மங்களின் பெயர்களை உலக வழக்கிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதை முதல் விதியாக வைத்திருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம்.

பிராணவாயுவின் பெரிய பலம் அது பழகிய சொல் என்பது. மராத்தியிலும் குஜராத்தியிலும் இதே சொல்தான். தாத்தா பாட்டிக்கும் புரியும். ஆனால் அந்த இருக்கையில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சித்த மருத்துவத்திலும் யோக நூல்களிலும் உடம்பை இயக்கும் வாயுக்கள் பத்து: பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன், நாகன், கூர்மன், கிருகரன், தேவதத்தன், தனஞ்செயன். இதில் முதலாவது பிராணவாயு. உயிர்க்கால் என்றும் சொல்வார்கள். அது உடம்புக்குள் ஓடுகிற ஓர் இயக்கத்தின் பெயர். அதற்கு அணு எடை கிடையாது, அது இரும்பைத் துருப்பிடிக்க வைக்காது. வேதியியலின் தனிமத்துக்கும் அதே பெயரைக் கொடுத்தால் இரண்டு துறைக்கும் கெடுதல். சித்த நூலைப் படிக்கிறவர் அங்கே ஆக்சிஜனைத் தேடுகிறார். மூச்சுப் பயிற்சி விளம்பரத்தைப் படிக்கிறவர், ஆழ்ந்து மூச்சிழுத்தால் ரத்தத்தில் பிராணவாயு பெருகிக்கொண்டே போகும் என்று நம்புகிறார். நலமாக இருக்கிற ஒருவரின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் சாதாரண மூச்சிலேயே 95 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனால் நிறைந்திருக்கும். இழுத்து மூச்சுவிட்டு அதில் சேர்ப்பதற்கு இடம் மிகக் கொஞ்சம். மூச்சுப் பயிற்சியால் மனம் அமைதியாகிறது என்றால் அதற்கான காரணம் வேறு. சொல்லே இந்தக் குழப்பத்தை வளர்க்கிறது என்பதால், பிராணவாயுவை அதன் பழைய வீட்டிலேயே மதிப்போடு விட்டுவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

உயிர்வளியோடுதான் எனக்கு நிஜமான போராட்டம். அழகான சொல். வளி சங்கப் பாடல்களிலேயே ஐம்பூதங்களில் ஒன்றாக வருகிறது; இன்றைக்கும் சூறாவளியிலும் வளிமண்டலத்திலும் உயிரோடு இருக்கிறது. மூச்சைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிற வரை உயிர்வளி கச்சிதமாகப் பொருந்தும். அந்தப் பக்கத்தைத் தாண்டினால் தடுக்க ஆரம்பிக்கிறது.

முதல் தடங்கல் 'வளி'. பூமியின் மேலோட்டின் எடையில் ஏறக்குறைய 46 சதவீதம் இந்தத் தனிமம்தான். ஆற்று மணல், கருங்கல், களிமண் எல்லாவற்றிலும் சிலிக்கானோடும் அலுமினியத்தோடும் பிணைந்து கிடக்கிறது. தண்ணீரின் எடையில் 89 சதவீதம் இதுவே. காற்றின் கன அளவில் 21 சதவீதம். பூமியிலுள்ள மொத்தத்தோடு ஒப்பிட்டால் அது சொற்பம். 'பாறையில் உள்ள உயிர்வளி' என்று எழுதினால் பிள்ளை பாறைக்குள் காற்றுக் குமிழியைக் கற்பனை செய்துகொள்ளும். ராக்கெட்டில் நிரப்புகிற, மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் வெளிர்நீலத் திரவத்தைத் 'திரவ உயிர்வளி' என்று எழுதும்போது சொல்லுக்குள்ளேயே சண்டை வருகிறது. தனிமத்தின் பெயரில் அதன் நிலையைக் கட்டிவிட்டால் இதுதான் சிக்கல். 'வாயு' என்று முடிகிற பிராணவாயுவுக்கும் இதே கதிதான்.

இரண்டாவது தடங்கல் 'உயிர்'. டெட்டனஸ் கிருமிக்கு ஆக்சிஜன் பட்டால் வளர முடியாது; ஆழமான காயத்தில் அது பிழைப்பதே அங்கே ஆக்சிஜன் குறைவு என்பதால்தான். 240 கோடி வருடங்களுக்கு முன்பு கடலில் நீலப்பச்சைப்பாசிகள் விட்ட ஆக்சிஜன் காற்றில் சேரத் தொடங்கியபோது, அது இல்லாமல் வாழப் பழகியிருந்த நுண்ணுயிர்களுக்கு அது நஞ்சாக இருந்தது. 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்ததில் பல குழந்தைகளுக்கு விழித்திரை கெட்டுப் பார்வை போனது. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே அளந்து கொடுக்கும் வழக்கம் வந்தது. இந்தப் பாடங்களை எல்லாம் உயிர்வளி என்ற பெயரை வைத்துக்கொண்டு சொல்ல முடியும், ஆனால் ஒவ்வொரு முறையும் பெயரோடு மல்லுக்கட்ட வேண்டும். லவாய்சியே புளிப்பை நம்பிப் பெயர் வைத்தார், நாம் உயிரை நம்பி வைக்கிறோம். ஒரு பொருளின் ஏதோ ஒரு குணத்தை மட்டும் பெயராக்கினால் மற்றக் குணங்கள் பெயரோடு மோதுகின்றன.

டென்மார்க்கைக் காட்டி, அன்றாடப் பேச்சுக்கு வீட்டுச் சொல், வேதியியலுக்கு உலகச் சொல் என்று இரண்டும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அங்கே அப்படித்தான்: பேச்சில் இல்ட், வேதியியல் பெயர்களில் ஆக்சிஜன். ஆனால் அங்கே வீட்டுச் சொல் வீட்டில் இருக்கிறது. தமிழில் நிலைமை தலைகீழ். 2021 ஏப்ரல், மே மாதங்களில், கொரோனா அலையின்போது, மருத்துவமனை வாசல்களில் ஜனங்கள் கேட்டது ஆக்சிஜன் படுக்கை. தேடியது ஆக்சிஜன் சிலிண்டர். தண்டவாளத்தில் ஓடியது ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ். பால்காரரும் ஆட்டோக்காரரும் விரலில் மாட்டுகிற கருவியைப் பார்த்து "ஆக்சிஜன் எவ்வளவு காட்டுது?" என்றுதான் கேட்டார்கள். உயிர் போகிற நேரத்தில் வாயில் வருகிற சொல் எதுவோ அதுதான் வழக்குச் சொல். உயிர்வளி எழுத்தில் மட்டும் இருக்கிறது. மக்கள் சொல் என்று அதற்காக வாதாட இடமில்லை.

ஆக, மிச்சம் இருப்பது ஒலிபெயர்ப்பு. அதிலும் இரண்டு பாதை, ஆக்சிஜனும் ஒட்சிசனும். தமிழ்நாட்டில் பலருக்கு ஒட்சிசன் என்பது விநோதமாகப் படுகிறது. உண்மையில் தமிழ் இலக்கணத்தின் வழியில் வந்தது அதுதான். 'க்ஷ' என்ற ஒலியைத் தமிழ் பல சொற்களில் என்ன செய்தது என்று பாருங்கள்: பக்ஷி பட்சியானது, அக்ஷரம் அட்சரமானது. நம் காட்சி, ஆட்சி, மீட்சி என்கிற சொற்களில் 'ட்ச' இயல்பாக உட்காருகிறது. 'க்ச' நம் சொற்களில் இல்லை. 'ஜ' வந்தால் 'ச' ஆவதும் பழைய வழிதான், ராஜன் இராசன் ஆனதைப்போல. முதலில் வரும் ஒகரம் ஆங்கிலேய உச்சரிப்பை ஒட்டியது. நாம் டாக்டர் என்பதை இலங்கைத் தமிழர்கள் டொக்டர் என்பார்கள். இந்த மூன்றையும் சேர்த்தால் ஒட்சிசன். வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள் என்று தொல்காப்பியம் சொன்னதை 20ஆம் நூற்றாண்டு வேதியியலுக்கு நீட்டியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இந்த முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் காலத்திலேயே, 1875இல், வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர் வைத்தார்கள். வேற்றுச் சொல்லுக்குத் தமிழ் விகுதி.

இலங்கைக்காரர்கள் அதோடு நிற்கவில்லை. நாம் கார்பன் டை ஆக்சைடு என்கிறோம். அவர்கள் காபனீரொட்சைட்டு என்கிறார்கள். உள்ளே பார்த்தால் காபன், ஈர், ஒட்சைட்டு. கார்பன் மோனாக்சைடு அங்கே காபனோரொட்சைட்டு. காபன், ஓர், ஒட்சைட்டு. பெயர்ச்சொல் மட்டும் கடன், எண்ணும் புணர்ச்சியும் நம்முடையவை. 'டை', 'ட்ரை' என்று கிரேக்க எண்களை மனப்பாடம் செய்கிற பிள்ளையைவிட, ஓர், ஈர், மூ என்று படிக்கிற பிள்ளைக்கு மூலக்கூறில் எத்தனை அணு என்பது பெயரிலேயே தெரிந்துவிடுகிறது. இதுதான் கலைச்சொல்லாக்கத்தின் உருப்படியான வேலை என்பேன்.

அப்படியானால் ஒட்சிசனையே எடுத்துக்கொள்ளலாமே? இலங்கை மாணவருக்கு எழுதினால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்களுடைய பாடநூல், பரீட்சை, ஆசிரியர் எல்லாம் அதில்தான். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு எழுதும்போது நான் ஆக்சிஜனைத் தேர்கிறேன். வீட்டிலும் மருத்துவமனையிலும் பாடநூலிலும் ஒரே சொல் காதில் விழுவது படிக்கிற பிள்ளைக்குப் பெரிய உதவி. இரண்டு கரைக்கும் போகிற எழுத்தாக இருந்தால் முதல் தடவை 'ஆக்சிஜன், இலங்கை வழக்கில் ஒட்சிசன்' என்று ஒரு முறை சொல்லிவிட்டு அப்புறம் ஒன்றையே பிடித்துக்கொண்டு போகலாம். ஆக்ஸிஜன், ஆக்ஸிஜென், ஆக்சிசன் என்று எழுத்துக்கூட்டலை அலைய விடாமல், பாடநூல் வடிவமான ஆக்சிஜனை வைத்துக்கொண்டால் தேடுகிறவருக்கும் வசதி.

இந்தத் தேர்வுக்கு இன்னொரு காரணம், சொற்குடும்பம். ஒரு தனிமத்தின் பெயர் தனியாக வராது. ஆக்சைடு, பெராக்சைடு, ஹைட்ராக்சைடு, ஆக்சிஜனேற்றம் என்று கூட்டமாக வரும். உயிர்வளியை எடுத்தால் துரு 'இரும்பு உயிர்வளியகை' மாதிரி ஏதோ ஒன்றாகும். அதோடு, ஆக்சிஜனேற்றம் என்பதற்கு இன்றைய வேதியியலில் எலக்ட்ரானை இழப்பது என்றுதான் பொருள். சோடியம் குளோரினோடு சேர்ந்து உப்பாகும்போது சோடியம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அங்கே ஆக்சிஜன் பக்கத்தில்கூட இல்லை. பொருள் இல்லாத ஓசை என்றால் இந்த நீட்சியைத் தாங்கிக்கொள்ளும்.

தமிழ்ச் சொல்லே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. வயலில் நைட்ரஜனுக்குத் தழைச்சத்து என்றும், பாஸ்பரஸுக்கு மணிச்சத்து என்றும், பொட்டாசியத்துக்குச் சாம்பல்சத்து என்றும் சொல்கிறார்கள். தழை செழிக்க ஒன்று, மணி பிடிக்க ஒன்று. உர மூட்டையைப் பற்றி எழுதும்போது இவற்றைத் தவிர்த்துவிட்டு நைட்ரஜன் என்று மட்டும் எழுதினால்தான் தவறு. இவை தனிமத்தின் பெயர்கள் என்பதைவிட, பயிருக்கு அந்தத் தனிமம் செய்கிற வேலையின் பெயர்கள். அதனால்தான் மோதலே இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. அதே இடத்தை உயிர்வளிக்கும் கொடுக்கலாம். நுரையீரல் பற்றிய கவிதையிலோ கட்டுரைத் தலைப்பிலோ அது வரட்டும். ரத்தத்தில் அளவைச் சொல்லும் வரியில் ஆக்சிஜன் வரட்டும்.

கடைசியாகக் கரியமில வாயு. பழைய ஆங்கிலத்தில் கார்பானிக் ஆசிட் கேஸ் என்று இருந்ததன் நேர்மொழிபெயர்ப்பு இது. கரியை எரித்து வருவது, தண்ணீரில் கரைந்தால் அமிலம். லவாய்சியே பார்த்ததும் இதைத்தான். சோடா பாட்டிலைத் திறந்து குடித்தால் நாக்கில் தெரிகிற அந்த லேசான புளிப்புக்குப் பெயர் சரியாகப் பொருந்துகிறது. சேர்மத்தைப் பொறுத்தவரை இந்தப் பெயர் பொய் சொல்லவில்லை, ஜனங்களுக்கும் தெரியும். ஆகவே பொதுக்கட்டுரையில் கரியமில வாயு என்றே எழுதுகிறேன். சமன்பாடு எழுத வேண்டிய இடத்தில் கார்பன் ஈராக்சைடு. அதை முதன்முதலில் எழுதும்போது பாடநூலின் கார்பன் டை ஆக்சைடையும் பக்கத்தில் சேர்த்துவிடுவேன்.